ஆளு உசுரோட தான இருக்காரு? அடிபட்டவங்க பிள்ளைங்களுக்குப் படிப்பு உதவி ஏன் கைக்கு எட்ட மாட்டேங்குது

கம்பத்துல ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே ஆன்லைன்ல ஃபாரம் போட்டுக் குடுக்குற வேலையும் உண்டு. ஜூன் ஜூலை வந்துட்டா கடை முழுக்க ஸ்காலர்ஷிப் கூட்டம்தான். வருசத்துக்கு நாலஞ்சு தடவையாச்சும் ஒரே மாதிரி ஒரு பேச்சு நடக்கும். ஒரு பொண்ணோ பையனோ வந்து நிப்பாங்க, கூட பாட்டியோ சித்தியோ இருப்பாங்க, அப்பாவுக்கு அடிபட்டு எந்திரிக்க முடியாம கெடக்காரு, ஏதாச்சும் படிப்பு உதவி இருக்கான்னு கேப்பாங்க. நானும் ஏதோ ஒரு ஃபாரத்த ஓப்பன் பண்ணுவேன், அதுல பாதி வழியில "பெற்றோர் இறந்த தேதி"ன்னு ஒரு கட்டம் வந்து நிக்கும், அத வாய்விட்டுப் படிச்சதும் பாட்டிக்குத் தூக்கிவாரிப் போடும், "ஐயோ சாமி, எம்புள்ள உசுரோட தான்யா இருக்கான்"னு பதறுவாங்க.

அப்படி உசுரோட இருக்குறதுதான் இங்க சிக்கலே. கேக்கக் கொடூரமாத்தான் இருக்கு, ஆனா பத்து வருசமா ஃபாரம் போட்டுப் போட்டு எனக்குப் புரிஞ்சது இதுதான்.

கவர்மென்ட் பக்கத்துல இருந்து பாத்தா சாவு ரொம்ப லேசான விஷயம். ஒரு தேதி, ஒரு சர்டிபிகேட், முடிஞ்சது கதை. அடிபட்டதுன்னா அப்படி இல்ல, எவ்வளவு அடி, எப்ப சரியாகும், சரியாகவே ஆகாதா, வேலைக்குப் போகலாமா, ஒக்காந்து செய்யுற வேலையாச்சும் செய்யலாமா, இதையெல்லாம் யாராச்சும் ஒருத்தர் பாத்து கையெழுத்துப் போட்டாகணும், எந்த ஆபீஸருக்கும் அது புடிக்காது. அதனால திட்டம் எழுதும்போதே இறந்தவங்க பிள்ளைங்கன்னு எழுதிட்டுப் போயிர்றாங்க. 2025 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல தொடங்குன அன்புக்கரங்கள் திட்டத்தயே எடுத்துக்கங்க, மாசம் 2,000 ரூபாய், நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அதுல உடம்பு முடியாத அப்பா அம்மாவப் பத்தியும் பேச்சு இருக்கு. ஆனா ஒருத்தர் இறந்திருக்கணும், மிச்சம் இருக்குற ஒருத்தர் முடியாதவரா இருக்கணும். அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழ உணர்வே இல்ல, அம்மா அவர விட்டு நகர முடியாம வேலைய விட்டுட்டாங்க, ரெண்டு பேர் சம்பளமும் போச்சுங்குற வீடு இதுக்குள்ள வராது.

வீட்டுக் கணக்குல பாத்தா இது தலைகீழ். சாவு வந்தா சம்பளம் நின்னு போகுது, அது பெரிய இடிதான், இல்லன்னு சொல்லல. அடிபட்டா சம்பளம் நிக்கிறதோட செலவும் அன்னைக்கேதான் ஆரம்பிக்குது. டயப்பர், கதீட்டர், படுக்கைப் புண்ணுக்கு மருந்து, மாசத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவோ காரோ. பாத்துக்க ஒரு ஆள் வேணும், அதனால இன்னொருத்தர் கூலியும் போயிரும். அந்த இன்னொருத்தரும் சமாளிக்க முடியாதப்ப பதினொண்ணாப்பு படிக்குற பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் லீவு போட ஆரம்பிக்கும். இந்தக் கடைசி விஷயத்த எந்த ஃபாரத்துலயும் கேக்குறதில்ல.

எங்க ஊர் நிலவரத்த வெளியூர்க்காரங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி, இந்தப் பக்கத்து ஊருங்கள்ல இருந்து தெனமும் விடியக்காலையில ஜீப்பு கெளம்பும். குமுளி வழியா கொஞ்சம், கம்பமெட்டு வழியா கொஞ்சம், போடிமெட்டு வழியா கொஞ்சம், மூணும் மலைப் பாதை, மேல ஏறுனா கேரளா, இடுக்கி ஜில்லா. வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டத்துல களை எடுக்க, காய் எடுக்கப் போறவங்க, முக்காவாசி பொம்பளைங்க. ஒரு ஜீப்புல எத்தன பேர் போவாங்கன்னு இங்க யாரும் எண்ண மாட்டாங்க, எண்ணுனா ஏற மனசு வராது. சாயந்திரம் அதே ஜீப்புல எறக்கம். கொண்டை ஊசி வளைவு, மழை, மூடுபனி, தேஞ்ச டயரு. தோட்டத்துக்குள்ளயும் ஆபத்து உண்டு, ஏலத்துக்கு நெழலுக்கு விட்டிருக்க பெரிய மரத்தோட கொப்பு காத்து மழைக்கு ஒடிஞ்சு விழும், நல்லமொளகு பறிக்க ஏணி வச்சு ஏறுன ஆம்பளைங்க வழுக்கி விழுவாங்க.

இப்ப அடிபட்டவங்களுக்கு மூணு அட்ரஸ் வந்துருது. அடிபட்ட எடம் கேரளா, வீடும் ரேஷன் கார்டும் தமிழ்நாடு, பிள்ளை படிக்குறது இங்கயோ அங்கயோ. ஒவ்வொரு திட்டமும் இதுல ஒரு அட்ரஸ மட்டும் பாக்கும். நம்மைக் காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பர்ல வந்துச்சு, ரோட்டுல அடிபட்டா மொத 48 மணி நேர சிகிச்சை இலவசம், எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் பரவாயில்ல, ஆனா விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள்ள நடந்திருக்கணும். கம்பமெட்டு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஜீப்பு கவுந்தா ஒரு கணக்கு, நூறு மீட்டர் தள்ளி அந்தப் பக்கம் கவுந்தா வேற கணக்கு. அடிபட்டவங்கள சில பேர் கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போவாங்க, சில பேர் கீழ தேனி க.விலக்கு கவர்மென்ட் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு வருவாங்க, அந்த நேரத்துல எந்த வண்டி கெடைச்சதோ, யாருக்கு எந்த ஊர் தெரியுமோ அதப் பொறுத்தது. அந்த அவசரத்துல எடுத்த முடிவு ரெண்டு வருசம் கழிச்சு பிள்ளையோட ஸ்காலர்ஷிப் ஃபைல்ல வந்து நிக்கும்னு யாரு நெனைப்பா.

எப்படின்னா, தமிழ்நாட்டுல அடிபட்டவங்க பிள்ளைங்களுக்கும் சேத்தே எழுதுன திட்டம் ஒண்ணு இருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது. பள்ளிக்கல்வித் துறையோடது, 2005ல இருந்து நடக்குது. கவர்மென்ட் ஸ்கூல், எய்டட் ஸ்கூல்ல 1ல இருந்து 12 வரைக்கும் படிக்குற பிள்ளைங்களுக்கு, வீட்டுல சம்பாதிக்குற அப்பாவோ அம்மாவோ விபத்துல இறந்தாலோ இல்ல நிரந்தரமா முடங்கிப் போனாலோ 75,000 ரூபாய். "முடங்கிப் போனாலோ"ங்குற அந்த வார்த்தை அரசாணையிலயே இருக்கு. முன்னாடி 50,000ஆ இருந்துச்சு, அப்புறம் ஏத்துனாங்க. காசக் கையில தர மாட்டாங்க, அரசு நிதி நிறுவனத்துல பிள்ளை பேர்ல டெபாசிட் போட்டு அதுல வர்ற வட்டிய படிப்புச் செலவுக்கு விடுவாங்க. 8 சதவீத வட்டின்னு வச்சா வருசத்துக்கு 6,000, மாசத்துக்கு 500. நோட்டு, பேனா, பஸ்ஸு, ஒரு செட் யூனிஃபார்ம் தையக்கூலின்னு வச்சுக்கங்க, அவ்வளவுதான் வரும். ஆனாலும் இத விடக் கூடாது, ஏன்னா படிப்பு முடியும்போது அந்த மொதல் கைக்கு வரும், காலேஜ் சேரும்போது ஒரு பிடி கெடைக்கும்.

ஹெச்.எம். கிட்ட குடுத்து முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ் வழியாப் போகணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பள்ளிக்கூடத்துல ஆபீஸ்ல இருந்தவருக்கே இந்தத் திட்டம் இறந்தவங்களுக்கு மட்டும்தான்னு நெனப்பு, அரசாணைய பிரிண்ட் எடுத்துக் குடுத்தப்புறம்தான் நம்புனாரு. அதுக்கப்புறம் கேட்டாரு பாருங்க, எஃப்ஐஆர் எங்கன்னு. எஃப்ஐஆர் கேரளா ஸ்டேஷன்ல போட்டது, மலையாளத்துல இருக்கு. மொழிபெயர்த்துக் கொண்டான்னு சொல்லிட்டாரு. நோட்டரி, மொழிபெயர்ப்பு, அலைச்சல், ரெண்டு நாள் கூலி போச்சு. குடியாத்தம் பக்கத்துல இருந்து சித்தூருக்கு வேலைக்குப் போயி அடிபட்டவங்களுக்கு இதே கதை தெலுங்குல நடக்கும்.

நெசமான சுவரு எஃப்ஐஆர் கூட இல்ல, "நிரந்தரமா"ங்குற வார்த்தை. காலோ கையோ எடுத்தாச்சுன்னா டாக்டருக்கு யோசிக்க ஒண்ணுமில்ல. முதுகெலும்பு நரம்பு அடிபட்டவங்களுக்கும் தலையில அடிபட்டவங்களுக்கும், கொஞ்ச நாள் போகட்டும் எவ்வளவு தேறுதுன்னு பாக்கலாம்னு சொல்வாங்க, வைத்தியப்படி அது சரிதான், ஆறு மாசத்துல ஒரு வருசத்துல மாற்றம் வரும். அதனால மொதல்ல தற்காலிகச் சான்றுதான் குடுப்பாங்க, அப்புறம் வந்து திரும்பக் காட்டச் சொல்வாங்க. ஆனா பிள்ளை படிப்பு அந்த மொத ஒரு வருசத்துலதான் அறுந்து போகுது. நிரந்தரம்னு கையெழுத்து விழும்போது பொண்ணு பன்னெண்டாப்பு முடிச்சிருக்கும், இல்லாட்டி பாதியில நின்னு துணிக்கடையில நிக்கும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதம் ஊனம் இருந்தாத்தான் பெரும்பாலான சலுகைக்குள்ள வர முடியும். இந்த சதவீதம் உடம்பப் பாத்து எழுதுறது, பொழப்பப் பாத்து எழுதுறது இல்ல. ஏலத்தோட்டத்துல காய் எடுக்குறவங்களுக்கு குனிஞ்சு நிமிரணும், சரிவுல கால் ஊனணும், விரல் வெரசா ஓடணும். தோள்பட்டை எலும்பு ஒடிஞ்சு கை முழுசாத் தூக்க முடியலன்னா மெடிக்கல் போர்டுல 25ஓ 30ஓ வரும், ஆனா தோட்டத்துல அவங்கள யாரும் ஜீப்புல ஏத்த மாட்டாங்க, அவங்க பொழப்புக்கு அது நூத்துக்கு நூறு. தலையில அடிபட்டவங்க பாடு இன்னும் மோசம். வெளிய பாத்தா கையும் காலும் நல்லாத்தான இருக்கும், ஞாபகம் தப்பும், கோவம் வரும், கணக்கு மறக்கும், டாக்டர் முன்னாடி அஞ்சு நிமிசம் ஒழுங்காப் பேசிட்டு வந்துருவாங்க.

மலைக்கு அந்தப் பக்கமே குடியிருக்குற தமிழ்க் குடும்பங்களும் இருக்கு, வண்டிப்பெரியாறு, பீர்மேடு, மூணாறு எஸ்டேட்டுல நாலஞ்சு தலைமுறையா இருக்கவங்க. அவங்களுக்கு கேரளாவுல வித்யாகிரணம்னு ஒண்ணு இருக்கு, சமூக நீதித் துறையோடது, இது நேராவே அப்பா அம்மா மாற்றுத்திறனாளியா இருக்குற ஏழைக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கானது. 1ல இருந்து 5 வரைக்கும் மாசம் 300, 6ல இருந்து 10க்கு 500, பிளஸ் ஒன் பிளஸ் டூ ஐடிஐக்கு 750, டிகிரிக்கு மேல 1,000, வருசத்துக்கு 10 மாசம் கணக்கு. தொகை சின்னதுதான், ஆனா பாருங்க, இங்க யாரும் சாக வேண்டியதில்ல, விபத்தா வியாதியான்னும் கேள்வி இல்ல, 40 சதவீதச் சான்றும் ஏழ்மைக் கணக்கும் இருந்தாப் போதும். திட்டத்த எழுதுன விதத்துல எனக்கு இதுதான் புடிக்கும். கேரளாவோட இ-சேவை மையமான அக்ஷயா சென்டர்ல போயி கேட்டாச் சொல்வாங்க.

ஆனா எஸ்டேட்டுல வேற ஒரு கண்ணி இருக்கு. எஸ்டேட்டுக்காரங்க தொழிலாளிக்குக் குடுக்குற லயத்து வீடு வேலையோட ஒட்டுனது. அப்பா வேலைக்கு லாயக்கில்லன்னு ஆயிட்டா வீடு ஆட்டம் காணும், வீட்ட வச்சுக்கணும்னா குடும்பத்துல இன்னொருத்தர் பேர் கொடுத்து வேலைக்கு ஏறணும். பதினெட்டு முடிஞ்ச மூத்த பிள்ளைதான் ஏறும். காலேஜுக்கு ஸ்காலர்ஷிப் கெடைச்சாலும் அது வீட்டுக்கு ஈடாகுமா. இல்லன்னா குடும்பமே மலை எறங்கி சொந்தக்காரங்க ஊருக்கு வந்துரும், பிள்ளை இங்க பதினொண்ணாப்புல சேரும், நல்லாப் படிக்கும், அப்புறம் புதுமைப்பெண் 1,000 ரூபாய்க்கு அப்ளை பண்ணுனா 6ல இருந்து 12 வரைக்கும் தமிழ்நாட்டுல படிச்சியான்னு கேக்கும். படிச்சது கவர்மென்ட் ஸ்கூல்தான், தமிழ் மீடியம்தான், ஆனா இடுக்கியில. தமிழ்ப்புதல்வனுக்கும் இதே கேள்வி, மெடிக்கல் இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் இதே கேள்வி. இந்த விதிய எழுதுனவங்க தப்பான நோக்கத்துல எழுதல, மலைக்கு மேல தமிழ் படிக்குற பிள்ளை இருக்குன்னு ஞாபகம் இல்லாம எழுதிட்டாங்க, அவ்வளவுதான்.

ரெண்டு மாநிலத்துக்கும் பொதுவா மத்திய திட்டம் ஒண்ணு, மிஷன் வாத்சல்யா. அதுல ஸ்பான்சர்ஷிப்னு ஒரு பிரிவு, மாசம் 4,000 ரூபாய், 18 வயசு வரைக்கும். யாருக்குன்னு போட்டிருக்க பட்டியல்ல, உடம்பாலயும் பணத்தாலயும் பிள்ளையப் பாத்துக்க முடியாத நெலைமையில இருக்குற பெற்றோர்னு தெளிவாவே இருக்கு. வருமான வரம்பு கிராமத்துக்கு வருசம் 72,000, டவுனுக்கு 96,000. இதுக்கு பள்ளிக்கூடத்துல போயி நின்னா பயனில்ல, கலெக்டர் ஆபீஸ் வளாகம் பக்கம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுன்னு ஒண்ணு இருக்கும், அங்க போகணும். நம்ம சனம் குழந்தைகள் பாதுகாப்புன்னு போர்டு பாத்தாலே பிள்ளையப் புடிச்சு ஹோம்ல போட்டுருவாங்களோன்னு பயந்து திரும்பி வந்துருது. எங்கிட்ட வந்த ஒரு அக்கா மூணு மாசம் அந்தப் பயத்துலயே கழிச்சாங்க.

ரோட்டு விபத்துக்குன்னு 2022 ஏப்ரல்ல இருந்து புது விதி இருக்கு. போலீஸ் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டிய ஃபாரங்கள்ல பாதிக்கப்பட்டவரோட சின்னப் பிள்ளைங்க விவரத்துக்குன்னே தனி ஃபாரம் இருக்கு, குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போறதுக்காகத்தான் அது. ஒழுங்கா நடந்தா அம்மா ஐசியூல இருக்கும்போதே பிள்ளை பேரு குழுவுக்குப் போயிரும். எங்கிட்ட வந்த குடும்பங்கள்ல அப்படிப் போனதா யாரும் சொன்னதில்ல.

ஸ்காலர்ஷிப்னு இவ்வளவு நேரம் பேசுனதெல்லாம் மாசம் 300, 500, 4,000. அடிபட்ட வீட்டுப் பிள்ளைக்கு உருப்படியான படிப்புக் காசுன்னா அது நஷ்ட ஈடுதான், அத ஸ்காலர்ஷிப்னு யாரும் சொல்றதில்ல. ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். 38 வயசு அம்மா, மாசம் 10,000 கூலி, ஜீப்பு விபத்துல பொழைக்குற சக்தியில 60 சதவீதம் போச்சுன்னு வைங்க. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துல 36ல இருந்து 40 வயசுக்குப் பெருக்கு எண் 15, இது 2009ல சரளா வர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட் வகுத்த கணக்கு. வருசம் 1,20,000, பெருக்கல் 15, அதுல 60 சதவீதம், 10,80,000 ஆச்சு. வருங்கால வருமான உயர்வுன்னு 40 சதவீதம் கூடச் சேத்தா 15,12,000. வைத்தியச் செலவு, ஆள் வச்ச செலவு, வலி வேதனைக்கு தனி. இதுல மூணு பிள்ளைங்க டிகிரி முடிக்கலாம்.

சதவீதத்தப் பத்தி மேல பொலம்புனேன்ல, அதுக்கும் இங்கதான் மருந்து இருக்கு. 2010ல ராஜ்குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, டாக்டர் எழுதுற ஊன சதவீதம் வேற, சம்பாதிக்குற சக்தியில போன சதவீதம் வேற, தீர்ப்பாயம் ரெண்டாவதத்தான் பாக்கணும். இடது கைய எடுத்துட்டா உடம்புக் கணக்குல 60 சதவீதம் சொல்லலாம், அவரு டிரைவரா தச்சரா இருந்தா வருமானத்துல நூறு சதவீதம் போன மாதிரி, கவர்மென்ட் கிளார்க்கா இருந்தா வேலையே போகாம இருக்கலாம். ஏலத்தோட்டத்துக்காரங்களுக்கு இதவிட சாதகமான பேச்சு இல்ல. ஆனா அம்மா என்ன வேலை பாத்தாங்க, அதுக்கு எந்தக் கை எந்த இடுப்பு வேணும்னு வக்கீல் எடுத்துச் சொல்லணும், சும்மா கூலின்னு எழுதி விட்டா டாக்டர் போட்ட 30லயே நின்னுரும்.

எல்லை இங்க தடையும் இல்ல. விபத்து நடந்த எடத்துலதான் கேஸ் போடணும்னு இல்ல, அடிபட்டவங்க குடியிருக்குற ஊருக்கான தீர்ப்பாயத்துலயே போடலாம், மோட்டார் வாகனச் சட்டம் 166வது பிரிவு. நெடுங்கண்டத்துல கவுந்த ஜீப்புக்கு தேனி ஜில்லாவுலயே வழக்கு நடத்தலாம். இது தெரியாம கட்டப்பனைக்கும் தொடுபுழைக்கும் யாரு அலையுறதுன்னு விட்டவங்க எத்தன பேரோ.

இவ்வளவு சொன்னப்புறம் ஜீப்போட இன்சூரன்ஸப் பத்திச் சொல்லாம விட்டா ஏமாத்துன மாதிரி ஆயிரும். சொந்த உபயோகத்துக்குன்னு பதிவு பண்ணுன ஜீப்புல வாடகைக்கு ஆள் ஏத்துறது இங்க சகஜம். அந்த வண்டிக்கு தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும்தான் இருக்குன்னா உள்ள உக்காந்து போனவங்களுக்கு கம்பெனி பொறுப்பில்லன்னு வாதாடும், சட்டமும் அந்தப் பக்கம்தான் சாயும். பெர்மிட் இருக்குற வண்டியா இருந்தாலும் எத்தன பேருக்கு பெர்மிட்டோ அத்தன பேர் கணக்குக்கு மட்டும்தான் கம்பெனி கட்டும், அதிகமா ஏத்துனவங்களுக்கும் சேத்து அந்தத் தொகையப் பிரிச்சுக்கணும், 2007 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு அப்படி. மிச்சத்த ஜீப்பு ஓனர்கிட்ட வாங்கிக்கன்னா, ஓனரே வட்டிக்கு வாங்கி ஜீப்பு ஓட்டுறவரு.

அப்ப தோட்டத்து மொதலாளி பக்கம் திரும்பணும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ல வந்தது, இப்ப 2025 நவம்பர்ல இருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு, கணக்கு முறை பழசுதான். முழுசா நிரந்தரமா முடங்குனா மாசச் சம்பளத்துல 60 சதவீதத்த வயசுக்கான எண்ணால பெருக்கணும், 40 வயசுக்கு அந்த எண் 184.17. மாசம் 12,000 கூலின்னா 7,200ஐ 184.17ஆல பெருக்குங்க, 13,26,024. செத்துப்போனா 60க்குப் பதிலா 50 சதவீதம்தான், கவனிச்சீங்களா, நூறு வருசத்துக்கு முன்னாடி எழுதுன சட்டத்துக்கு உசுரோட முடங்குனவங்களுக்குத்தான் செலவு அதிகம்னு புரிஞ்சிருக்கு. இப்ப எழுதுற ஸ்காலர்ஷிப் ஃபாரத்துக்குப் புரியல.

வேலைக்குப் போற வழியில நடந்த விபத்துக்கு மொதலாளி பொறுப்பான்னு ரொம்ப நாளா இழுபறி. 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட், வீட்டுக்கும் வேலை எடத்துக்கும் நடுவுல நடக்குற விபத்தும், நேரமும் சூழ்நெலையும் வேலையோட சம்பந்தப்பட்டிருந்தா, வேலையில நடந்த விபத்துதான்னு சொல்லிருச்சு, புதுச் சட்டத் தொகுப்புலயும் அதே மாதிரி இருக்கு. காலையில தோட்டத்து ஆளே அனுப்புன ஜீப்புல போறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம். ஆனா அன்னைக்கு எந்தத் தோட்டத்துக்குப் போனாங்கங்குறதுக்கு என்ன ஆதாரம்? தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோல்ல பேர் இருக்காது, கூலி சனிக்கிழமை ரொக்கமா கைக்கு வரும், மேஸ்திரியம்மா செல்போன்ல இருக்குற மெசேஜ்தான் ஒரே சாட்சி. அடிபட்ட மறுநாளே அந்த மேஸ்திரிய மடக்கி, இன்ன தோட்டம் இன்ன தேதின்னு ஒரு தாள்ல எழுதி வாங்கிக்கணும், பத்து நாள் போனா அவங்களுக்கும் மொதலாளி பயம் வந்துரும்.

பேங்க் அக்கவுண்ட்ல வருசத்துக்கு 20 ரூபாய் புடிக்கிற பிரதமர் சுரக்ஷா பீமாங்குற விபத்துக் காப்பீட்டையும் பாத்துருங்க, 18ல இருந்து 70 வயசு வரைக்கும், ரெண்டு கண்ணோ ரெண்டு காலோ போனா, இல்ல செயல் இழந்தா, 2 லட்சம், ஒண்ணு போனா 1 லட்சம். விபத்துல காலு ரெண்டும் வேலை செய்யாமப் போனா இதுல வரும், தலை அடி மட்டும்னா வராது. மே கடைசியில அக்கவுண்ட்ல 20 ரூபாய் இல்லாம பாலிசி விட்டுப்போனவங்க கதை எங்கிட்ட நெறைய இருக்கு.

அமெரிக்காவுல கிட்ஸ் சான்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, 1988ல ஜார்ஜியா மாநிலத்துல தொழிலாளர் இழப்பீட்டு வழக்கு நடத்துன ஒரு வக்கீல் தொடங்குனது. வேலையில இறந்தவங்க பிள்ளைங்களுக்கும் கடுமையா அடிபட்டவங்க பிள்ளைங்களுக்கும் சேத்தே காலேஜ், தொழிற்படிப்பு ஸ்காலர்ஷிப் குடுக்குது, அப்புறம் மத்த மாநிலங்களுக்கும் பரவிருச்சு. அப்பா அம்மா இழப்பீட்டு கேஸ் நடத்துற வக்கீலு, இன்சூரன்ஸ்காரங்க, இவங்களுக்குள்ள இருந்தே அது வந்துச்சுங்குறதுதான் எனக்குப் பட்ட விஷயம். எந்த வீட்டுல அடிபட்டவங்க இருக்காங்க, அந்த வீட்டுல எத்தன வயசுல பிள்ளை இருக்குன்னு மொதல்ல தெரியுறது அவங்களுக்குத்தான். நம்ம ஊருலயும் அப்படித்தான், ஆனா இங்க வக்கீலு பிள்ளையப் பத்திக் கேக்குறது வாரிசுப் பட்டியலுக்கு மட்டும்.

மார்க்கு ஸ்காலர்ஷிப்புங்க இருக்கே அதுங்க பாட்டுக்கு இருக்கு. எட்டாப்புல எழுதுற என்எம்எம்எஸ் பரீட்சையில தேறுனா 9ல இருந்து 12 வரைக்கும் வருசம் 12,000, நல்ல தொகை. ஆனா அந்த வருசம்தான் அப்பாவுக்கு அடிபட்டுச்சுன்னா பிள்ளை க.விலக்குல வார்டுக்கு வெளிய பாய் விரிச்சுப் படுத்திருந்திருக்கும், பரீட்சைக்கு எங்க படிக்க. அப்புறம் கேப்பாங்க அட்டெண்டன்ஸ் எவ்வளவு இருக்குன்னு. அடிபட்ட வீட்டுப் பிள்ளைக்கு மொத வருசம் மார்க்கும் வருகையும் கேக்காம, பள்ளிக்கூடத்துல பேர் இருந்தா போதும்னு குடுக்குற காசு வேணும், அதுவும் நிரந்தரச் சான்றுக்குக் காத்திருக்காம, டிஸ்சார்ஜ் சம்மரிய வச்சே குடுக்கணும். ஆறு மாசத்துக்குக் குடுத்துட்டு அப்பா தேறிட்டா நிறுத்திக்கட்டும், யாரு வேண்டாம்னா. ஏமாத்துவாங்கன்னு ஒரு அண்ணன் எங்கிட்ட வாதாடுனாரு. மாசம் 2,000 ரூபாய்க்காக எவன் ஜீப்புல இருந்து விழுவான்.

இந்தக் காரணத்தாலதான் கடைக்கு வர்றவங்ககிட்ட நான் மொதல்ல ஃபாரத்தப் பேசுறதில்ல, பையத் தொறக்கச் சொல்வேன். ஆஸ்பத்திரிக்குப் போன மொத நாளு எழுதுன விபத்துப் பதிவு, அதான் ஏ.ஆர். காப்பி, இருக்கா, அதுல ஜீப்பு விபத்துன்னு எழுதிருக்கா இல்ல வழுக்கி விழுந்தாருன்னு எழுதிருக்கா. இது விளையாட்டு இல்ல, மொதலாளியோ டிரைவரோ கூட வந்தவரு கேஸு வேண்டாம்னு வீட்டுல விழுந்ததாச் சொல்லி அட்மிட் பண்ணிருப்பாரு, வைத்தியச் செலவு நான் பாத்துக்கிறேன்னு வாக்கும் குடுத்திருப்பாரு, மொத வாரம் பத்தாயிரம் குடுத்தும் இருப்பாரு. அதோட விபத்துங்குறதே காகிதத்துல இல்லாமப் போயிரும், பள்ளிக்கூடத்து 75,000மும் போச்சு, தீர்ப்பாயமும் போச்சு. எங்க சொந்தத்துலயே ஒரு சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு, மொளகு ஏணியில இருந்து விழுந்தவர வீட்டு மாடிப்படியில விழுந்ததா எழுதி வச்சிருந்தாங்க, எங்க வீட்டுல மாடியே கெடையாது.

போன வாரம் ஒரு பொண்ணு வந்துச்சு, பன்னெண்டாப்பு, அம்மாவுக்கு கம்பமெட்டுக்கு அந்தப் பக்கம் ஜீப்பு கவுந்து இடுப்பெலும்பு போச்சு. ஸ்காலர்ஷிப் ஃபாரம்தான் கேட்டுச்சு. பையில டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மலையாள எஃப்ஐஆர் எல்லாம் ஒழுங்கா அடுக்கி வச்சிருந்துச்சு, வக்கீலப் பாத்தீங்களான்னா இன்னும் இல்ல, அம்மா எந்திரிச்சு நடக்கட்டும்னு இருக்கோம்னுச்சு. எஃப்ஐஆர் தேதியப் பாத்தேன், விபத்து நடந்து அஞ்சு மாசம் பத்து நாள். விபத்து வழக்கு போட 6 மாசம்தான் கெடு, 2022 ஏப்ரல்ல இருந்து அப்படி, அந்தக் கெடுவ எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுல கேஸ் நடக்குதுதான், ஆனா அத நம்பி உக்காந்திருக்க முடியுமா. ஃபாரத்த மூடி வச்சுட்டு எல்லாத்தையும் ரெண்டு செட் ஜெராக்ஸ் போட்டேன், உத்தமபாளையத்துல ஒரு வக்கீலுக்கு போனப் போட்டு நாளைக்கு வருவாங்கன்னு சொன்னேன். நாளைக்கு பிராக்டிகல் இருக்குண்ணேன்னுச்சு. பாட்டிய அனுப்புன்னு சொல்லி அனுப்பிச்சேன், பாட்டி போயி கையெழுத்துக்கு வக்காலத்து வாங்கிட்டு வந்துட்டாங்க, ஹெச்.எம். கிட்ட குடுக்க வேண்டிய ஃபாரம் இந்தத் திங்கக்கிழமை போடுறோம்.